நாற்பது நிமிட வெளிச்சம்

குமுதாவுக்கு வாய் சும்மா இருந்தாலும் இருக்கும். கண் சும்மா இராது. நிபோங் திபால் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் பினாங்குத் தீவுக்கு வந்து, எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகக்கண் அளவு சிப்புகளில் விரிசல் தேடினாள். "இதுக்குள்ள என்னதான் ஓடுது?" என்று அவள் கேட்டுக் கேட்டு சூப்பர்வைசருக்கே சலித்துப் போயிற்று. ஃபேக்டரியை மூடியதும் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எலி பராமரிக்கும் வேலையில் சேர்ந்தாள். கணவர் மோகனராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

"வீட்டுல ஒரு எலி வந்தா ஊரையே கூட்டுவ. அங்க போய் முந்நூறு எலிக்குச் சோறு வைக்கப் போறியா?"

வைத்தாள். வைத்ததோடு நின்றாளா? ஒவ்வொரு கூண்டும் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அங்கே மூளை ஆராய்ச்சி செய்த மாணவி தர்மினி மட்டும்தான் முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள்.

"இந்தப் பன்னெண்டையும் ஏம்மா இருட்டு ரூம்ல போட்டிருக்க?"

"கண்ணு பார்க்கும்போது அக்கா, மூளைக்குப் பின்பக்கம் இருக்கிற செல்லெல்லாம் வேலை செய்யும். வேலை செய்யிற செல்லு தனக்கு வேண்டிய உரத்தத் தானே தயாரிச்சுக்கும். வளர்ச்சிக் காரணின்னு பேரு. கண்ணுக்கு வேலையே இல்லாட்டி அந்த உரம் எவ்வளவு குறையுதுன்னு பார்க்கிறேன்."

"எஸ்டேட்ல உரம் போட்டாத்தான்லா மரம் வேலை செய்யும். இங்க மரம் வேலை செஞ்சாத்தான் உரமே வருமா?"

இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வந்து, "புரிஞ்சிருச்சு. இறைக்கிற கிணறுதான் ஊறும்" என்றாள். தர்மினி சிரித்துவிட்டு, தன் மூன்று வருடப் படிப்பில் பாதி அதுதான் என்று ஒப்புக்கொண்டாள்.

இருட்டறைச் சாவி குமுதாவிடம் இருந்தது. எலிக் கண்ணுக்குப் புலப்படாத மங்கலான சிவப்பு விளக்கு தவிர வேறு வெளிச்சம் கூடவே கூடாது. முன்பு ஒருவர் வெளி விளக்கை அணைக்காமல் கதவைத் திறந்ததற்கே அந்த வாரமே வேலை போயிற்று. குமுதாவுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும்.

இருட்டில் வைக்க வேண்டிய நாட்கள் முடிந்ததும், கணக்குப்படி முதல் நாள் ஆறு எலிகளின் மூளையை எடுத்தார்கள். மறுநாள் மீதி ஆறு. அந்த மறுநாள் விநாயகர் சதுர்த்தியாக வந்து தொலைத்தது. பிள்ளையாரின் வாகனம், பிள்ளையார் நாளிலேயே, சூரியனைப் பார்க்காமல் சாகப் போகிறது. குமுதாவின் மனம் கேட்கவில்லை. எலிகளை எடுக்க ஆள் வருமுன்பே, லிட்டில் இந்தியாவில் வாங்கிய பேட்டரி அகல்விளக்கைக் கூண்டுகளுக்கு முன்னால் வைத்து, நூற்றெட்டுப் போற்றியும் சொன்னாள். அதன் பிறகும் அணைக்க மனமில்லாமல், தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவி முடிக்கும்வரை எரியவிட்டாள். தெரிந்தேதான் செய்தாள். அதை மழுப்பிச் சொல்வதில் அவளுக்கும் பெருமையில்லை, எனக்கும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, தர்மினி கைகழுவும் தொட்டியருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். முதல் நாள் எலிகளில் வளர்ச்சிக் காரணி எதிர்பார்த்தபடியே குறைந்திருந்தது. மறுநாள் எலிகளில் வெளிச்சத்தில் வளர்ந்தவற்றைப் போலவே எகிறியிருந்தது. மூன்று முறை சோதித்தும் அதே முடிவு. தர்மினி மாதிரிக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டாள் என்று பேராசிரியர் ரோஹானா தீர்மானித்துவிட்டார். அப்படி எழுதிவிட்டால் அவள் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

"என் கைதான் தப்பு பண்ணியிருக்கு அக்கா. எப்படி மாத்தினேன்னுதான் தெரியல."

குமுதாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, வியப்பு. சுண்டுவிரல் அளவு விளக்கா இத்தனையும் செய்தது? பக்கத்தில் ஒரு பெண் அழும்போது இப்படி வியந்ததற்காக அடுத்த நொடியே வெட்கினாள். பயம் அப்புறம்தான் வந்தது. அந்தப் பயத்தோடே தர்மினியின் கையைப் பிடித்து, பேராசிரியர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லாவற்றையும் மலாய் மொழியில் சொன்னாள். ரோஹானா திட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். கடிகாரம் பார்க்கவில்லை, போற்றி சொல்லிவிட்டுப் புட்டி கழுவினேன் என்றாள் குமுதா. பேராசிரியர் கைப்பேசியை எடுத்து, நேரத்தை ஓடவிட்டு, சொல் என்றார். தூடோங் முக்காடு அணிந்த பேராசிரியர் முன்னால் கைகூப்பி நூற்றெட்டுப் போற்றியும் சொன்னாள். ஏழு நிமிடம். புட்டிகளையும் கழுவ வைத்துப் பார்த்ததில் முப்பத்துமூன்று. ரோஹானா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: நாற்பது நிமிடம் வெளிச்சம், தர்மினி மீது தவறில்லை, ஆறு எலிகளோடு மறுபடியும் செய்ய வேண்டும்.

பிறகு நிமிர்ந்து பார்த்தார். உண்மையைச் சொன்னதால் வேலையில் இருக்கலாம். ஆனால் இனிமேல் இப்படிச் செய்ய மாட்டாய்தானே என்று கேட்டார். ஒரே ஒரு 'மாட்டேன்' போதும். தர்மினி பின்னாலிருந்து அவள் முழங்கையை இடித்தாள்.

குமுதா யோசித்தாள். கழுத்தில் தொங்கிய நாடாவிலிருந்து இருட்டறைச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எலிகளுக்குக் கடைசி நாள் என்று தெரிந்தால் என் கை சும்மா இருக்காது, இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றாள்.

வெளியே நடைவழியில் தர்மினி அவளைக் கட்டிக்கொண்டாள். குமுதா அசையாமல் நின்றாள். அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"நான் விளக்கு காட்டினப்ப ஒண்ணுகூட தலையத் திருப்பலம்மா. எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு சுருண்டு கெடந்துச்சு. வீணாத்தான் காட்டினேன்னு நினைச்சேன். நெசமாவே பார்த்துச்சுங்களா?"

"பார்த்துச்சு அக்கா. ஆறுமே பார்த்துச்சு. அதனாலதானே இத்தனை வம்பும்."

குமுதா அதற்குப் பிறகுதான் அழுதாள்.