ஆயிரத்து நானூறு நியூட்டன் மீட்டர் கோபம்

சனிக்கிழமை காலை, வெரிபீ என்ற வெளிநாட்டுப் புறநகரில் ஒரு வீட்டு வாசலில் கொலைமுயற்சி நடந்துகொண்டிருந்தது. கொல்ல வந்தவர் தர்மேந்திரன். யாழ்ப்பாணத்தவர், வயது ஐம்பத்திரண்டு, கோயிலில் அதிர்ந்து பேசாத மனிதர் என்று பெயர். சாகவேண்டியது, அவருடைய காரின் முன்சில்லில் துருவேறி உட்கார்ந்திருந்த ஒரு நட்டு.

ஸ்பேனரை மாட்டி மிதித்தார். ஏறி நின்று குதித்தார். இரும்புக் குழாயைச் செருகி இழுத்தார். குழாய் வழுக்கியது. விரல் முட்டிகள் நிலத்தில் உரசி, கொங்கிறீற்றில் ரத்தம் சொட்டியது.

"உன்னை விடமாட்டன்ரா!" என்றார் நட்டைப் பார்த்து.

பின்னேரம் மூன்று மணிக்கு மகள் விஷாலினிக்குக் கார் ஓட்டும் பரீட்சை. இது மூன்றாவது தடவை. தேய்ந்து வழுக்கையான ரயரோடு போனால் காரைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த திகதி கிடைக்க ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஆகும். திங்கட்கிழமை அவள் சேரப்போகும் வேலையோ பஸ் எட்டிப்பார்க்காத இடத்தில் இருந்தது.

"மெக்கானிக்கிட்டக் குடுப்பமே?" என்றாள் மனைவி விக்னேஸ்வரி. அதைத் தன் ஆண்மைக்கு எதிரான பிரேரணையாக எடுத்துக்கொண்ட தர்மேந்திரன், பக்கத்து வீட்டு மதுரைக்காரன் ஜெகதீஷை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

மின்கலத்தில் ஓடி நட்டுத் திருகும் இம்பாக்ட் ரென்ச்சுகள் தட்டில் துப்பாக்கிகள்போல் வரிசையாக இருந்தன.

"அண்ணே, வீட்டுக் காருக்கு முன்னூறு, நானூறு நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். கைக்கு அடக்கமா இருக்கு பாருங்க" என்றான் ஜெகதீஷ்.

"தம்பி, அது நட்டைக் கழட்டாது, தடவிக் குடுக்கும்."

அவர் கை ஆயிரத்து நானூறில் போய் நின்றது.

"லாரிக்காரங்க வாங்குறதுண்ணே அது!"

"ஓம். அதுதான் வேணும்."

"சரி, கழட்டுறதோட நிறுத்திக்கங்க. திருப்பி மாட்டுறப்ப கையால இறுக்குங்க."

அன்று முழுவதும் பேசப்பட்ட ஒரே புத்தியான வாக்கியம் அதுதான். தர்மேந்திரன் அப்போது மின்கலத்தைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் விசையை அழுத்தினார். தெருவே அதிர்ந்தது. அரை வினாடியில் நட்டு சரணடைந்தது. ஐந்தையும் கழற்றி, நல்ல ரயர் போட்ட சில்லை மாட்டினார். இனி ஜென்மத்துக்கும் இறுகக்கூடாது என்று குசினிக்குள் புகுந்து நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

"அது தோசைக்கு வச்சதப்பா!" என்றாள் விக்னேஸ்வரி.

"நீர் சும்மா இரும்."

சில்லில் நட்டு ஏறும் ஐந்து ஆணிகளுக்கும் எண்ணெய்க் குளிப்பு நடந்தது. மூட்டுவலிக்கும் முடிக்கும் நல்லது, இரும்புக்கு மட்டும் கெட்டதா? பிறகு அதே இயந்திரத்தால் இறுக்கத் தொடங்கினார். எண்ணெய் பட்ட ஆணியில் நட்டு வழுக்கி வழுக்கி ஏறியது. அது தானாக நிற்குமட்டும் அழுத்தவேண்டும் என்று நினைத்தார். அது நிற்கவில்லை.

டக்! ஆணி முறிந்தது. பழுதான ஆணி என்று தீர்ப்பளித்து அடுத்ததற்குப் போனார். டக்! மூன்றாவது துண்டு ஜெகதீஷின் காதை உரசிக்கொண்டு வேலியில் போய்க் குத்தியது.

காதைப் பொத்திக்கொண்டு ஜெகதீஷ் சொன்னான்: "நான்தான் அப்பவே சொன்னேன்ல."

அதற்குமேல் எந்தத் தமிழனும் பொறுக்கமாட்டான். தர்மேந்திரன் இயந்திரத்தை வாசலில் வீசி எறிந்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்தார். பொத்தான்கள் பறந்தன. அவன் தள்ளினான், இவர் குத்தினார். இருவரும் புல்லில் உருண்டார்கள். விக்னேஸ்வரி தோட்டக் குழாயைத் திருப்பி இருவர் முகத்திலும் தண்ணீரைப் பீய்ச்சினாள்.

"எழும்புங்கோ ரெண்டு பேரும்! பிள்ளைக்கு நேரம் போகுது!"

விஷாலினி குனிந்து, நனைந்து கிடந்தவனிடம் கையை நீட்டினாள். "அங்கிள், கீ பிளீஸ்."

பொத்தானில்லாத சட்டையும் வீங்கிய உதடுமாக ஜெகதீஷ் பக்கத்தில் உட்கார, அவனுடைய காரில் அவள் புறப்பட்டாள். தர்மேந்திரன் ஆணி முறிந்த சில்லுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

நாலரைக்குக் கார் திரும்பியது. கண்ணாடியில், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் ஒட்டும் சிவப்பு 'பி' ஒட்டியிருந்தது. விஷாலினி ஹோர்னை அடித்துக்கொண்டு, ஒரு வெட்டு வெட்டி வாசலுக்குள் ஏறினாள். புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற இடத்தில், எறிந்தது எறிந்தபடி கிடந்தது ஆயிரத்து நானூறு நியூட்டன் மீட்டர்.

நறுக்.

"அப்பா, நான் பாஸ்!" என்று கத்திக்கொண்டு இறங்கினாள்.

தர்மேந்திரன் ஓடிவந்தார். குனிந்து சில்லுக்கடியில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கண்கலங்கி, மகளைக் கட்டிப்பிடித்தார். எது முதல், எது பிறகு என்பதை விக்னேஸ்வரி குறித்துக்கொண்டாள்.