கோடு விழவில்லை

குதிரைக் கொட்டகை வாசலில் நீல நிறப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று கிடக்கும். அதில் கிருமிநாசினி ஊற்றியிருப்போம். நோய்க் குதிரைகள் இருந்த பக்கத்திலிருந்து நல்ல குதிரைகள் பக்கம் போகிறவர்கள் பூட்ஸ் காலோடு அதை மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து குதிரைகளைப் பார்த்துக்கொண்ட அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மிதிக்க மாட்டார். நல்ல குதிரைகள் பக்கச் சுவரில் ஒரு முருகன் படம் மாட்டியிருந்தார். சாமி இருக்கும் இடத்துக்குள் பூட்ஸ் காலோடு எப்படிப் போவது? அதைக் கழற்றிவிட்டு, தட்டைத் தாண்டி, வெறுங்காலோடு போய் ஊதுபத்தி ஏற்றுவார். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் அதைப் பார்த்திருக்கிறார். "பரவால்ல, பக்தியான மனுஷன்" என்று சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

நான் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். குதிரைக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸில் எந்த மரபணு நோயைக் கொடியதாக்குகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. ஒரு மரபணுவை நீக்குவோம், அந்த வைரஸைக் குதிரைக்குக் கொடுப்போம், நோய் குறைகிறதா என்று பார்ப்போம். அந்த முறை நீக்கிய மரபணுமேல் டாக்டருக்கு அபார நம்பிக்கை. "இதுதான் லா. இது இல்லன்னா வைரஸ் வெறும் பொம்மை" என்பார், இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் சேர்க்கும் அந்த 'லா'வோடு. வைரஸ் கொடுத்த குதிரைகளுக்கு லேசான மூக்கொழுகலோடு போய்விட்டது.

பிறகு நல்ல பக்கத்தில் இருந்த சினைக் குதிரைக்குக் காய்ச்சல் வந்தது. சில வாரங்களில் குட்டி செத்து விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் அண்ணனைப் பார்த்தேன். துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்திருந்தார். முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.

"தங்கச்சி, அது நம்ம வைரஸா, வெளியேர்ந்து வந்ததா?"

"நாளைக்கு டெஸ்ட் ஓட்டினாத்தான் தெரியும்ணே."

"நம்மளுதுன்னா பெர்மிட்டக் கட் பண்ணிருவாங்க. பொண்ண இப்பத்தான் காலேஜ்ல சேத்திருக்கேன்." டீயின் ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு அவரே சொன்னார்: "பூட்ஸோடயே கும்பிட்டிருக்கலாம். முருகன் கோவிச்சுக்கிட்டாலும் ஊருக்கு அனுப்ப மாட்டாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் செத்த குட்டியின் ஈரலிலிருந்து எடுத்த வைரஸைச் சோதித்தேன். நாங்கள் நீக்கிய மரபணு அதில் இருந்தால் சோதனைப் படத்தில் ஒரு கோடு விழும். அப்படியென்றால் வைரஸ் வெளியிலிருந்து வந்தது, அண்ணன் தப்பித்தார். கோடு இல்லையென்றால் அது எங்களுடையது. குளிர்சாதன அறையில் முதுகெல்லாம் வியர்த்தது. விழு, விழு என்று வாய்விட்டே சொன்னேன்.

வைரஸ் இருப்பதைக் காட்டும் கோடு பளிச்சென்று விழுந்தது. அந்த மரபணுவுக்கான கோடு விழவில்லை.

டாக்டர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ஸோ, இந்த ஜீன் இல்லாமலே கொல்லுது. நம்ம நெனச்சது தப்பு. பட் குட் டேட்டா" என்றார். பொம்மை என்று சொன்னவர் அவர். வெறுங்காலைப் பார்த்துச் சிரித்தவரும் அவர். வேலை போனது அண்ணனுக்கு. விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார்.

நானும் இருக்கிறேன். இப்போது வேறொரு மரபணுவை நீக்கியிருக்கிறோம். இந்தக் குதிரைகளுக்கும் லேசான மூக்கொழுகல்தான். "இதுதான் லா" என்கிறார் டாக்டர். கொட்டகையில் புதிதாக ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார். அவரும் பெர்மிட்டில் வந்தவர்தான். இந்த முறையும் தப்பாகிப்போனால் யாரை அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.