ஓடாத சைக்கிளுக்கு ஒரு தூண்

எனக்குத் தொப்பை விழுந்துவிட்டதென்று போன மாதம் மகள் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி வந்தாள். எங்கள் ஈப்போ வீட்டில் அதை எங்கே வைப்பது என்று பெரிய ஆலோசனை. நான் கூடத்துத் தூணைக் காட்டினேன்.

"நின்ன எடத்துலயே நிக்கிற சைக்கிளுக்குத் தூணு எதுக்குப்பா?" என்று சிரித்தாள். பதில் சொன்னால் கோப்பெங் வரை போகவேண்டியிருக்கும் என்று சைக்கிளைத் தூணோரம் தள்ளினேன். உங்களுக்குச் சொல்கிறேன்.

அதன் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும், எழுபதுகளின் கடைசியில், கோப்பெங்குக்கு மூன்று மைல் தள்ளி நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அம்மா அப்போதுதான் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வென்றால் அவருக்குக் கதைப் புத்தகம். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு; எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் கதையில் யாராவது கஷ்டப்பட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

புத்தகம் கிடைத்த இடம் கோப்பெங்கில் ஒரு முடிவெட்டும் கடை. காத்திருப்பவர்கள் படிக்கக் கடைக்கார அண்ணன் ஓர் அலமாரி நிறையக் கதைகள் வைத்திருந்தார். தெரிந்தவர்களுக்கு வீட்டுக்கும் கொடுப்பார். ஆண்கள் மட்டும் போகிற கடை என்பதால் கொண்டுவரும் வேலை என்னுடையது. நான் அப்போது ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் குமாஸ்தா.

இரண்டு பாகமுள்ள ஒரு கதை. கதாநாயகி கப்பலேறியதோடு முதல் பாகம் முடிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தை எடுத்த நான், அதை எங்கள் கடையில் தட்டச்சு செய்த பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவள் கேட்கவில்லை, நானாகப் போய்க் கொடுத்தேன். வயது இருபத்து மூன்று, வேறென்ன சொல்ல? அம்மாவிடம், யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று நான்கு வாரம் ஓட்டினேன்.

அந்த நான்கு வாரத்தில் அம்மா சும்மா இருக்கவில்லை. முட்டி வலியால் அப்பா ஓரமாய்ச் சாத்தி வைத்திருந்த சைக்கிளை ரப்பர் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய், ஐம்பத்தைந்து வயதில் தானாகவே ஓட்டக் கற்றுக்கொண்டார். பாலத்துக் கல்லில் நின்று ஏறுவார், நன்றாக மிதிப்பார். இறங்க மட்டும் தெரியாது; கால் தரைக்கு எட்டாது. ஏதாவது ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நிறுத்துவார். தோட்டத்தில் மரத்துக்கா பஞ்சம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முடிவெட்டும் கடை நாற்காலியில் நான், கழுத்தில் வெள்ளைத் துணி, பாதித் தலை வெட்டியாகிவிட்டது. வேலைக்குப் போட்ட பழைய சிலுவார் கால்சட்டையோடு அம்மா சைக்கிளில் போவது கண்ணாடியில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் போனார். மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது, கடைத்தெருவில் மரமே இல்லை.

"தம்பி, ஓடியாந்து புடி லா."

துணி பறக்க ஓடிப் பிடித்தேன். எதிர்க் காப்பிக்கடையே எழுந்து நின்று பார்த்தது. வெட்கத்தில் எனக்கு உயிர் போயிற்று. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கடைக்குள் போய் இரண்டாம் பாகத்தைக் கேட்டார்.

"அத ஒங்க பையன் எடுத்துக்கிட்டுப் போயி ஒரு மாசம் ஆச்சேக்கா" என்றார் அண்ணன்.

பாதித் தலையோடு பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் புள்ள படிச்சிருச்சா? கப்பல்ல போனவ என்னா ஆனாளாம்?"

மறுநாள் கேட்டால், அந்தப் பெண் புத்தகத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. தட்டச்சு இயந்திரத்துக்கு அடியில் உயரத்துக்கு வைத்திருந்தாள். என் காதல் அங்கேயே முடிந்தது. புத்தகத்தை உருவிக்கொண்டு வந்தேன். அம்மா இரண்டே நாளில் கப்பலைக் கரை சேர்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு புத்தக விஷயத்தில் அம்மா என்னை நம்பவில்லை. ஞாயிறுதோறும் தானே போனார். இரண்டு வாரம் ஓடிப் பிடித்துக் களைத்த அண்ணன், மூன்றாவது வாரம் கடை வாசலில் ஒரு மரக்கட்டையை நட்டுவிட்டார். எண்பதுகள் முழுக்க அம்மா அதைக் கட்டிப்பிடித்துத்தான் இறங்கினார். அந்தத் தெருவில் அதைவிடக் கௌரவமான கட்டை கிடையாது.

போன தீபாவளிக்குக் கோப்பெங் போனேன். தோட்டம் முழுக்க ரப்பருக்குப் பதில் எண்ணெய்ச் செம்பனை. முடிவெட்டும் கடையில் கைப்பேசி விற்கிறார்கள். வாசலில் கார் நிறுத்தக் கோடு போட்டிருக்கிறார்கள். கட்டை இல்லை. அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது.

காலையில் இருபது நிமிடம் மிதிக்கிறேன். முன்னால் புத்தகம் வைக்க ஒரு தட்டுகூட இருக்கிறது. முடித்ததும் கை தானாகத் தூணுக்குப் போகிறது. கால் நன்றாகத் தரைக்கு எட்டும். இருந்தாலும் தூணைக் கட்டிப்பிடித்துத்தான் இறங்குகிறேன்.