தோட்டம் வேண்டாம் என்றார்

எலப்புள்ளிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் சுவரில் மாட்ட வண்டிச் சக்கரம் கேட்டார். அவருடைய அப்பா பஸ் கண்டக்டர். அந்த வீட்டில் மாடும் கிடையாது, வண்டியும் கிடையாது. ஆனாலும் சக்கரம் வேண்டும் என்றார். பொள்ளாச்சியில் தேடிப் பிடித்து, எண்ணெய் பூசி மாட்டிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்பது எனக்கு எப்போதுமே கஷ்டம்.

கொழிஞ்சாம்பாறையில் பஸ் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு நர்சரி இருக்கிறது. பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஒரு ஓட்டல்காரர் தொட்டிச் செடி வாங்க வந்தவர், அதை எங்கே வைப்பது என்று என்னையே வந்து பார்க்கச் சொன்னார். போனேன். செடி வைக்க இடம் பார்த்தபோது மேசைகளையும் கொஞ்சம் நகர்த்தினேன், ஒரு மூங்கில் தட்டியைக் கழற்றினேன். கடைக்குள் வெளிச்சம் வந்துவிட்டது. அவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் வேறொருவரிடம் சொல்ல, கடைகளையும் வீடுகளையும் அலங்கரிப்பது தொழிலாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கல் பாவுவார், தரை போடுவார். பேச்சும் அவர்தான் பேசுவார். நான் டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்வேன்.

அப்படித்தான் மறையூர் வேலையும் வந்தது. உடுமலைப்பேட்டை வழியாகக் காட்டுச் சாலையில் ஏறிப் போக வேண்டும். சுற்றுலா ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சாலையோரம் கொஞ்சம் நிலம் வாங்கி, முன்னால் சாப்பாட்டுக் கடையும் பின்னால் வீடுமாகக் கட்டியிருந்தார். அவருடைய அம்மா மூணாறுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்றுவிட்டார். தொழிலாளர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு வந்துவிடப் போகிறார். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக வந்த முதல் இடம் இதுதான்.

முதல் நாள் நான் கடைக்கு முன்னால் இருந்த வெற்று மண்ணை அளந்துகொண்டிருந்தேன். மகன் பக்கத்தில் நின்று பேசினார்.

"அக்கா, வர்றவுக எல்லாம் தேயிலையப் பாக்கத்தான் வர்றாக. நம்ம கடையும் எஸ்டேட் மாதிரி இருக்கணும். சுவத்துல கொழுந்துக் கூடை, பழைய தராசு, வாசல்ல வரிசையா தேயிலைச் செடி..."

வாசப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினார். "தோட்டம் வேண்டாம்."

"அம்மா, நீ சும்மா இரு."

"நீ இரு. தாயி, எழுதிக்கோ. தோட்டம் மட்டும் வேண்டாம்."

நான் எழுதிக்கொண்டேன். மண்ணை அளக்கும்போது சொன்னதால் மண்ணைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. ஆயுசு முழுக்க வெயிலிலும் மழையிலும் செடியோடு நின்றவர், இனிமேலும் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி அலைய வேண்டாம் என்று நினைக்கிறார், நியாயம்தானே? அந்த அம்மாவை எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். நோட்டில், "முன்பக்கம் செடி இல்லை, முழுக்கக் கல்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அம்மா லைன் வீட்டைக் காலி செய்யப் போனார். மகனும் சாமான் ஏற்றுவதற்கு அங்கேயும் இங்கேயுமாக அலைந்தார். நாங்கள் பத்து நாள் அங்கேயே தங்கி வேலை செய்தோம். கடைத் தரைக்குச் சிவப்பு பூசினோம். வெல்லம் காய்ச்சுகிற ஆலை ஒன்றில் ஓட்டை விழுந்த பழைய கொப்பரை கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக் கை கழுவும் தொட்டியாக்கினோம். ஓட்டை இருந்த இடத்திலேயே தண்ணீர் போகிற குழாயைப் பொருத்தினார் என் வீட்டுக்காரர். சுவரில் மூன்று கொழுந்துக் கூடைகளை மாட்டினேன். ஒன்று அந்த அம்மாவே சுமந்தது, மற்ற இரண்டும் எஸ்டேட்டில் இரவல் வாங்கியவை. மகன் ஜீப்பில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முன்பக்க மண் மேல் மணல் பரப்பிக் கடப்பா கல் பாவி, இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசினோம். ஒரு புல் முளைக்க இடமில்லை. பெருக்கினால் பளபளவென்று இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கடை திறக்க நான்கு நாள் இருக்கும்போது ஜீப் வந்தது. பாத்திரம், பெட்டி, பாய் எல்லாம் இறங்கியபின், பின்னாலிருந்து டப்பாக்கள் இறங்கின. பால் பவுடர் டப்பா, எண்ணெய் டின், பெயிண்ட் வாளி. எல்லாவற்றிலும் பூச்செடி. கடைசியாக ஈரச் சாக்கில் சுற்றிய டேலியாக் கிழங்கு.

அம்மா முதலில் கடைக்குள் போனார். சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கூடைய யாரு மாட்டினது?"

"நாந்தானுங்கக்கா."

"முப்பது வருசம் முதுகுல கெடந்துச்சு. இப்ப மூஞ்சிக்கு நேரா தொங்கணுமா?"

பிறகு வெளியே வந்து கல் மேல் நின்றார். செருப்பைக் கழற்றி ஒரு காலால் கல்லைத் தேய்த்துப் பார்த்தார்.

"மண்ணு எங்க?"

நான் மெதுவாகச் சொன்னேன். "நீங்கதானுங்கக்கா தோட்டம் வேண்டாம்னு சொன்னீங்க."

"தோட்டம் வேண்டாம்னேன். பூச்செடி வேண்டாம்னா சொன்னேன்?"

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "ஏனுங்கக்கா, உங்க பக்கம் தோட்டம்னா என்னங்க?"

"எஸ்டேட்டு. வேறென்ன? எந்தத் தோட்டத்துல வேல பாக்குறன்னுதான் எல்லாரும் கேப்பாக."

"அட போங்க! எங்கூர்ல தோட்டம்னா கெணறு வெட்டி, தண்ணி பாய்ச்சி வெள்ளாம பண்ற பூமி. எம்பட ஊட்டுக்காரி நர்சரிக்காரி. அவளுக்குத் தோட்டம்னா பூச்செடி." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. எஸ்டேட் வேண்டாம் என்றவருக்கு எஸ்டேட்டைச் சுவரில் மாட்டிவிட்டேன். பூச்செடிக்காகக் காத்திருந்தவருடைய மண்ணைக் கல் போட்டு மூடிவிட்டேன். ஒரே வார்த்தையில் இரண்டையும் தப்பாகச் செய்திருக்கிறேன். அன்றைக்கு, "தோட்டம்னா எதுங்கக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மகன் சமாதானம் செய்யப் பார்த்தார். "அம்மா, திறக்க நாலு நாளுதான் இருக்கு. எல்லாத்தையும் அப்படியே டப்பாவோட வரிசையா வச்சிரலாம். அழகா இருக்கும்."

"டப்பாவுலதானடா இத்தன வருசமும் வச்சேன்." குரல் உயரவில்லை. "அந்த லைன்ல இருந்து இந்த லைனுக்கு மாத்துனா தூக்கிட்டுப் போகணும்ல. அது எம்மண்ணு இல்ல, அதனால டப்பா. இங்க வந்தா எறக்கிரலாம்னு பக்கத்து வீட்டுக்காரிககிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்."

பிறகு ஒரு பால் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். அதில் சிவப்பாக ஒரு பூ. எஸ்டேட் மேனேஜர் பங்களா வேலிக்கு வெளியே விழுந்த குச்சியை எடுத்து வந்து முளைக்க வைத்ததாம். அதற்குப் பெயர் தெரியாது. பங்களாப் பூ என்றுதான் லைனில் சொல்வார்களாம். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, வைக்க இடம் இல்லாமல் நின்றார்.

எனக்கு வாய் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "எடுத்துடலாமுங்க" என்றேன்.

"எத?"

"கல்லத்தானுங்க. எந்தெந்தக் கல்லுன்னு நீங்க சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தக் கல்லெல்லாம் அவர் முதுகு ஒடியப் பாவியது.

அந்த அம்மா வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். கூரைத் தண்ணீர் எங்கே சொட்டும் என்று மகனிடம் கேட்டார். பிறகு பங்களாப் பூவை ஒரு கல் மேல் வைத்தார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஒரு முழம் நகர்த்தி வைத்தார். அடுத்து ஒரு டின். அடுத்து ஒரு வாளி. நானும் சேர்ந்து தூக்கினேன். "அங்கிட்டு வேண்டாம், இங்கிட்டு" என்று அவர் சொல்லச் சொல்ல மாற்றினோம். டப்பா நின்ற கல்லிலெல்லாம் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். நான் நோட்டில் போட்ட எந்தப் படமும் அப்படி வந்ததில்லை. அவர் எங்கே நடந்து, எங்கே குனிந்து தண்ணீர் ஊற்றுவாரோ அதெல்லாம் தானாகவே வழியாக நின்றுவிட்டது.

ஒரு எண்ணெய் டின்னைச் சரியாக நடுவில் வைத்தார்.

"அங்க டேபிள் வரும்மா" என்றார் மகன்.

"டேபிளத் தள்ளிப் போடு. டேபிளுக்கு வெயிலு வேணுமா? இதுக்கு வேணும்."

என் வீட்டுக்காரர் கடப்பாரையோடு உட்கார்ந்தார். முதல் கல்லை நெம்பும்போது, "நீ ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா எம்பட முதுகு தப்பிச்சிருக்கும்" என்றார். அப்போதுதான் அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். "திட்டுறதுக்கும் கூட ஒரு 'ங்க' போட மாட்டீகளா?"

"பொண்டாட்டிக்கு 'ங்க' இல்லீங்க. கடக்காரங்களுக்கு மட்டுந்தானுங்க."

மணலை வாரி எடுத்தோம். அடியில் மண் இறுகிப் போயிருந்தது. கொத்தி, காய்ந்த கரும்புச் சோகையும் சாணியும் கலந்தோம். முதல் செடியை அந்த அம்மாவே இறக்கினார். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியதும் வேர் மண்ணோடு டப்பா வடிவத்திலேயே வந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாத்தியா தாயி, சுத்திச் சுத்தி வந்திருக்கு. போக இடமில்ல" என்றார்.

எடுத்த கல்லையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகைக் கல் வைத்து, ஓரத்தில் உட்காரும் இடமாக்கினோம். கூடைகளைக் கழற்றினேன். இரவல் வாங்கிய இரண்டைத் திருப்பிக் கொடுத்தோம். தன்னுடையதை மட்டும் அந்த அம்மா சமையலறைக்குக் கொண்டுபோய் வெங்காயம் கொட்டிவைத்தார். சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று மகன் கவலைப்பட்டார். "செடி வளந்தா ஜன்னல் வழியா அதுதான் தெரியும், சுவத்த யாரு பாக்கப் போறா?" என்றார் அம்மா. மீதியிருந்த கதவுப் பெயிண்டைக் காலி டப்பாக்களுக்கு நானே அடித்தேன். மேசைக்கு ஒன்றாக, கரண்டி போட்டு வைக்க அவை உதவின. நான்காம் நாள் கடை திறந்தது. செடியெல்லாம் தலை தொங்கித்தான் நின்றன. ஆனால் மண்ணில் நின்றன.

ஊருக்கு வந்தபின் எலப்புள்ளிக் கடைக்குச் செடி மாற்றப் போனேன். பில் மேசையில் இருந்த கடைக்காரரிடம், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பாவோட கண்டக்டர் பை இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஆனால் மறுநாளே கொண்டுவந்தார். தோல் வெடித்து, வார் அறுந்து இருந்தது. சக்கரம் இருந்த ஆணியில் இப்போது அதுதான் தொங்குகிறது.

போன மாதம் மறையூரிலிருந்து போன் வந்தது. எப்போதும் என் வீட்டுக்காரருக்குத்தான் வரும். இந்த முறை எனக்கு.

"தாயி, தோட்டத்துல ஒரே கூட்டம். நின்னு நின்னு போட்டோ எடுக்குறாக."

"எந்தத் தோட்டமுங்கக்கா?"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "கேட்டுட்டியா! என் தோட்டந்தான். டேலியா கை அகலத்துக்குப் பூத்திருக்கு. எடந்தான் பத்தல. இன்னும் ரெண்டு கல்லு எடுக்கணும். உன் வீட்டுக்காரரக் கடப்பாரையோட கூட்டிட்டு வா."

போனை வைத்ததும் அவரிடம் சொன்னேன். "எந்த ரெண்டு கல்லுன்னு கேட்டியா?" என்றார்.

கேட்டிருந்தேன். வாசப்படிக்கு வலது கைப்பக்கம், பங்களாப் பூவுக்கு அடுத்த இரண்டு.