மாப்பிள்ளைக்குப் போட்ட ஈரல்

என் அண்ணனைப் போல ஒரு கிறுக்கனை நான் பார்த்ததில்லை. தங்கை நான் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

இருபத்தாறு வருடமாக ஆடு வெட்டும் கூடத்தில் வேலை. வெட்டுகிற வேலை இல்லை, பார்க்கிற வேலை. தோலுரித்த ஆடு கொக்கியில் தொங்கியபடி வரும். கால்நடை டாக்டர் பக்கத்தில் நிற்க, இவன் ஈரலையும் நுரையீரலையும் விரலால் அழுத்திப் பார்த்துக் கத்தியால் கீறிக் காட்டுவான். உள்ளே நீர் கோத்த வெள்ளைப் பை இருந்தால் அது கழிவு, சுண்ணாம்புக் குழிக்குப் போய்விடும். கூடத்துக்குப் பின்னால் புதர்க்காடு. அங்கிருந்து நரி வரும், நாய் வரும். அதனால் குழிக்கு இரும்பு மூடி, பூட்டு. சாவி எப்போதும் இவன் இடுப்பில்.

நாங்கள் சாப்பிட உட்காரும்போதுதான் இதையெல்லாம் விளக்குவான். "பைக்குள்ள இருக்கிறது நாடாப்புழுவோட குஞ்சும்மா. நாயோ நரியோ தின்னா குடல்ல புழுவா வளரும். முட்டை பீயோட வெளிய வந்து புல்லுல ஒட்டும். ஆடு மேயும், ஈரல்ல மறுபடி பை. நம்ம கையில ஒட்டி வாய்க்குப் போச்சுன்னா நமக்கும்தான்."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுண்ணே!" என்பேன்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் என்ன வேலை என்று கேட்டார்கள். இவனும் விளக்கமாகச் சொல்லிவிட்டான். ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு தட்டு என்று காலம் போனது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் காலையில் கழற்றிப் போட்ட சட்டை அப்படியே கிடக்கும் என்பான். கேட்கும்போதெல்லாம் அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைப்பேன். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை, என் மகளின் பள்ளி விடுமுறையில்தான் போவோம். பத்து நாள். அந்தப் பத்து நாளுக்காக ஒரு மாதம் முன்பிருந்தே ஃபோன் வரும். எந்த பஸ்? சன்னல் சீட்டா?

ஆறு வருடத்துக்கு முன்னால், நரிகளுக்குப் போட்டியாகக் குழி மூடியைப் பிறாண்டிக்கொண்டிருந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தான். அது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது, தட்டு அதன் முன்னால் வரவேண்டும். அதனால் பெயர் மாப்பிள்ளை. என் மகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அதற்குத் தீனி எங்கிருந்து? கழித்த ஈரலிலிருந்துதான். பையை மட்டும் சுத்தமாக வெட்டிக் குழியில் போட்டுவிட்டு, மீதியைப் பச்சையாகவே வீட்டுக்குக் கொண்டுவருவான். வேக வைத்தாலாவது புழு செத்துத் தொலைந்திருக்கும். இவனோ, தன் கண்ணுக்குத் தப்பிய பை உலகத்திலேயே கிடையாது என்று நம்பினான். கடுகளவுப் பை ஒன்று தப்பியிருக்கிறது.

போன மாதம் வலது விலாவுக்குக் கீழே வலி என்று போனவனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் ஆரஞ்சுப் பழம் அளவுக்குப் பை. மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டே எனக்கு ஃபோன் செய்தான். தன் ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாப்பாவுக்கு உடனே ஸ்கேன் எடும்மா. தப்பு என்னோடதுதான், கழிச்ச ஈரலை மாப்பிள்ளைக்குப் பச்சையாப் போட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் கண்மண் தெரியவில்லை. "ஊருக்கெல்லாம் பாடம் நடத்துவியே, உனக்கு அறிவு எங்கே போச்சு? அந்த நாய் அங்க இருக்கிற வரைக்கும் நானும் வரமாட்டேன், என் பொண்ணும் வரமாட்டா!" வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்தன. ஒன்றுமில்லை, ஒரு வருடம் கழித்து இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நாய் விஷயத்தைக் கேட்டேன். "அதுக்கு மாத்திரை இருக்கேம்மா. ஒழுங்கா குடுத்து, பச்சை ஈரல் போடாம இருந்தா சரியாயிடும்" என்றார்.

அன்றைக்கே அண்ணனுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அவன் கூப்பிட்டபோதும் நான் ஃபோனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மனது கேட்காமல், மகளைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். அடுத்த வாரம் அவனுக்கு ஆபரேஷன் என்று அவனோடு வேலை செய்பவர் சொல்லியிருந்தார்.

கதவு திறந்திருந்தது. வீடு முழுக்க பிளீச்சிங் பவுடர் நெடி. தரை, சுவர், கட்டில் கால்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தவன், அறையின் மறு மூலைக்குப் போய் நின்றுகொண்டான்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். என் மகளோ கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"மாமா, மாப்பிள்ளை எங்க?"

 தண்ணீர் கொண்டுவா என்று அவளைப் பின்பக்க அடுப்படிக்கு அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னான். "நேத்துதான் கூடத்து டாக்டர்கிட்ட, உயிர் போக ஊசி போடச் சொன்னேன். மடியிலதான் படுத்திருந்துச்சு."

"ஐயோ, ஏண்ணே! மாத்திரை குடுத்தா போதுமாமே!"

"தெரியும்மா. டாக்டரும் மாத்திரைதான் எடுத்து நீட்டினாரு. ஆனா நீ நம்பியிருப்பியா? பாப்பாவை அனுப்பியிருப்பியா?"

 அனுப்பியிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும்.

மகள் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வழக்கம்போல அவன் மடியில் போய் உட்கார்ந்தாள். அவன் இரண்டு கையையும் அவள்மேல் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.