ஆரோக்கியசாமி இழுத்து நிறுத்திய மரம்

சென்ற வாரம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, ஈசூனிலிருந்து ஆரோக்கியசாமியின் மகள் போன் செய்தாள். "அங்கிள், அப்பா தூக்கத்திலேயே போயிட்டாங்க" என்றாள். மீனை வெட்டச் சொன்னவன் அதை வாங்காமலே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது அழுகையோடு ஒரு பெருமையும் வந்தது. ஆயுளில் பாதியை மரத்தில் தொங்கிக் கழித்த மனிதர், வயதாகி, தன் கட்டிலில் போயிருக்கிறார். எங்கள் தொழிலில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

எழுபதுகளில் புக்கிட் மேராவில் ஒரு சீன முதலாளியிடம் நாங்கள் இருவரும் மரம் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் ஏறுவார், நான் கீழே லாரியில் கயிறு இழுக்கும் எந்திரமான வின்ச்சைப் பார்த்துக்கொள்வேன். மணிலா நார்க்கயிறு போய் நைலான் கயிறு வந்திருந்த காலம். குவீன்ஸ்டவுனில் ஒருநாள் அவர் கால் வைத்த கிளை முறிந்தது. விழுந்தவரை இடுப்பில் கட்டியிருந்த நைலான் கயிறு பிடித்துக்கொண்டது. மேலும் கீழுமாக ஆடி நின்றார். பிறகு மேலிருந்து, "மாரி, நல்ல கயிறுப்பா இது" என்று என்னை நோக்கிக் குரல் வந்தது. அது நீண்டு கொடுத்ததால்தான் முதுகெலும்பு தப்பியது என்று இறங்கிய பின் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் கடைசியில், கப்பல் சாமான் விற்கும் நண்பரிடமிருந்து முதலாளி ஒரு புதுக் கயிறு கொண்டுவந்தார். வெள்ளை நிறம், விரல் பருமன். இரும்பு வடத்தின் பலம். ஆனால் முழுச் சுருளையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறலாம். இனி எல்லா வேலைக்கும் இதுதான் என்றார் முதலாளி. எங்களைவிட ஆரோக்கியசாமிக்குத்தான் அதன்மேல் ஆசை. அதனாலேயே அதைச் சும்மா விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கொட்டகைக்கு வந்து, கிடந்த கட்டைகளை வைத்து அதைப் பாடாய்ப் படுத்தினார். முடிச்சுப் போட்டால் வழுக்கி அவிழ்ந்தது. அடிமரத்தில் சுற்றிக் கட்டையை வேகமாக இறக்கினால், உரசிய சூட்டில் மெழுகாக உருகி அறுந்தது. கட்டையைத் திடீரென்று விழவிட்டால் கயிறு கொஞ்சமும் நீளவில்லை. அதைக் கட்டியிருந்த கிளைதான் முறிந்தது. நேராக இழுத்தபோது மட்டும் கம்பியாக நின்றது. என் வின்ச்சுதான் திணறியது.

உருகிய நுனியை முதலாளியிடம் காட்டி மலாயில் விளக்கினார். எங்களிடம் தமிழில் சொன்னார்: "இது இழுக்கிற கயிறு. ஆளைத் தாங்குற கயிறு இல்ல. ரெண்டையும் மாத்திட்டா செத்தோம்." முதலாளி முகம் சுளித்தாலும் நண்பரை வரவழைத்தார். முடிச்சு இல்லாமல், நுனியைக் கயிற்றின் உள்ளேயே செருகி வளையம் போட அந்த நண்பர்தான் கற்றுக்கொடுத்தார்.

பெருமழை பெய்த மறுநாள் காலை, தேக்காவில் ஒரு கடைவீட்டின் பின்சுவர்மேல் பெரிய தூங்குமூஞ்சி மரம் சாய்ந்துவிட்டது. மாடிப்படி பின்பக்கத்தில், சரியாக மரத்துக்குக் கீழே. முன் சன்னல்களில் இரும்புக் கம்பி. மேலே, காலில் மாவுக்கட்டுடன் ஒரு பெரியவரும், அவர் மருமகளும், கைக்குழந்தையும் மாட்டிக்கொண்டார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் சுவரிலிருந்து செங்கல் உதிர்ந்தது. பின்சந்துக்குள் பாரந்தூக்கி நுழையாது. இரும்பு வடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தில் ஏற முடியாது.

ஆரோக்கியசாமி வெள்ளைக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். பக்கத்து மரத்தில் கட்டிய நைலானைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறி, மேற்கிளையில் அகலமான துணிப் பட்டையைச் சுற்றி, வெள்ளைக் கயிற்றின் வளையத்தை அதில் பூட்டினார். சந்துக்கு அந்தப்பக்கம் காலி மனையில் என் லாரி. எங்கும் வளையாமல், எதிலும் உரசாமல் கயிறு நேராக வந்தது. அவர் கையசைக்க, வின்ச்சை மெல்ல ஓட்டினேன். மரம் முனகிக்கொண்டு சுவரைவிட்டு விலகி நின்றது. குழந்தையை அணைத்தபடி அந்தப் பெண் இறங்கினாள். பெரியவரை இருவர் தூக்கி வந்தார்கள்.

இனிக் கிளைகளை இறக்க வேண்டும். மேகம் மறுபடி கறுத்தது. வேலை சீக்கிரம் முடிய மீதி வெள்ளைக் கயிற்றையே போடச் சொன்னார் வேலையைப் பார்க்க வந்திருந்த மேற்பார்வையாளர். "நைலான்லயே எறக்குறேன் சார். நனைஞ்சா நனையுறேன் லா" என்றார் ஆரோக்கியசாமி. நனைந்தார். ஒவ்வொரு கிளையாக இறக்கினார். கடைசியில் அடிமரத்தை அறுக்க, அதைக் காலி மனைக்குள் இழுத்துச் சாய்த்தோம். மரத்தை இழுத்து நிறுத்தியபின் ஓர் ஓடுகூட உடையவில்லை. தெருவே கைதட்டியது. பூக்கடை அம்மா சாமிக்குக் கட்டிய மாலையை அவர் கழுத்தில் போட, அதோடேயே உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டார்.

பிறகு அவர்தான் எங்களுக்கு மேஸ்திரி. "எதுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுக்க. அப்புறம் பயமில்லாம வேலை வாங்கு" என்பார். அவர் காலத்தில் எங்களில் ஒருவர்கூட மரத்தில் சாகவில்லை. எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்குப் போனோம்.

ஈசூன் வீட்டுக்குப் போனபோது, அவருடையதாக என்னிடம் என்ன இருக்கிறது என்று மகள் கேட்டாள். கைகளை விரித்துக் காட்டினேன். விரல்களைத் தின்னும் வின்ச்சை வாழ்நாளெல்லாம் ஓட்டியவன் நான். பத்து விரலும் அப்படியே இருக்கின்றன.