அளவுக்குப் போட்ட ஆள்

பெஞ்சமின் பதினோரு வருடத்தில் பதினாலு பூங்கா, மூன்று பேருந்து நிலையம், ஒரு நூலகம் எழுப்பியிருக்கிறான். எல்லாம் காகிதத்தில். படூரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. இன்னும் கட்டாத இடம், கட்டிய பிறகு எப்படி இருக்கும் என்று வரைந்து காட்ட வேண்டும். அவன் படங்களில் எப்போதும் மாலை ஐந்தரை மணிதான். மரங்களுக்கு நட்ட அன்றே முப்பது வயது. எந்த பெஞ்சிலும் யாரும் துண்டை விரித்துத் தூங்குவதில்லை.

முதலில் இடத்தின் போட்டோவைக் கணினியில் துடைத்துச் சுத்தம் செய்வான். கரண்டு கம்பி, குப்பை, தள்ளுவண்டி, நாய், மனிதர் எல்லாம் போய்விடும். பிறகு தரை, மரம், விளக்குக் கம்பம். கடைசியில் ஆள் போட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கம்பம் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. மற்றவர்கள் இணையத்திலிருந்து ஐஸ்கிரீம் தின்னும் வெள்ளைக்காரக் குழந்தையை எடுத்து ஒட்டுவார்கள். பெஞ்சமின் தனக்குத் தெரிந்தவர்களைக் கையால் வரைவான். செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பில் கூலிக்கு மரம் வெட்டிய அப்பா, பொத்தேரிக்குப் போட்ட பேருந்து நிலையத்தில் தோளில் லேப்டாப் பையோடு நடந்து போகிறார். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மா நூலகத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படிக்கிறாள். இருவரும் செத்துப் பல வருடம் ஆகிறது. அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது.

பிறகு அந்தக் கடற்கரை வேலை வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சுற்றுலா வேன்கள் நிற்கும் மணல்வெளியை நடைபாதைப் பூங்கா ஆக்கும் திட்டம். அங்கே பூவரச மரத்தடியில் பத்தொன்பது வருடமாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்து விற்பவள் அவன் அக்கா ஹெலன். வழக்கம்போல் போட்டோவைத் துடைத்தபோது அவள் வண்டியையும் அவன்தான் துடைத்தான். ஒரே இழுப்பு.

இரண்டு நாள் கழித்து முதலாளி ஆனந்தன் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படத்தைப் பார்த்தார்.

"நாலு வியாபாரிங்களப் போடுப்பா. அவங்கள வச்சு நடத்துற கூட்டத்துல சத்தம் கம்மியா இருக்கும்."

கட்டுமான வரைபடத்தில் வண்டிக்கு ஒரு சாண் இடம்கூட ஒதுக்கவில்லையே என்றான் பெஞ்சமின். படத்தில்தானே போடச் சொன்னேன் என்று ஆனந்தன் சிரித்துவிட்டுப் போனார். அவன் துடைத்த அக்காவை அதே மரத்தடியில் திரும்பப் போட்டான். தலையில் கட்டிய நீலத் துண்டு, வண்டி, ஆவி பறக்கும் அலுமினியத் தவலை. ஓட்டைக் குடைக்குப் பதில் பச்சைக் கோடு போட்ட புதுக் குடை. ஆசையாகத்தான் போட்டான்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. வியாபாரிகள் இருபத்துமூன்று பேர். வேலை நடக்கும் ஆறு மாதத்துக்கு இடத்தைக் காலி செய்து தருகிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். சிப்பி மாலை விற்கும் தனகோடி எழுந்து, போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், யாரும் பேனாவைத் தொடாதீர்கள் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் பெஞ்சமின் வரைந்த படம் பெரிய ஃபிளெக்ஸாக மேடையில் விரிந்தது.

ஹெலன் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். திரும்பி, கடைசி வரிசையில் நின்ற தம்பியைத் தேடினாள்.

"டேய் தம்பி, இது நான்தானே?"

மண்டபமே அவனைப் பார்த்தது. ஆனந்தனும் பார்த்தார்.

"ஆமாக்கா."

"பாத்துக்கோ தனகோடி, வண்டியோட கீறேன். என் தம்பி போட்டது. அவன் பொய் போடுவானா?"

முதல் கையெழுத்து அவளுடையது. அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். தனகோடி கடைசியாகப் போட்டாள், "உன் மூஞ்சிக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு.

ஆறு மாதம் பதினாலு மாதம் ஆயிற்று. பூங்கா திறந்தபோது கல் தரை இருந்தது, எவர்சில்வர் கைப்பிடி இருந்தது, வாசலில் காவலாளி இருந்தான். பூவரச மரம் இல்லை. உள்ளே வியாபாரம் செய்யக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். ஹெலன் படத்தின் பிரதியை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள். அவர் கனிவாகத்தான் பேசினார். இது நீங்கள் இல்லை அம்மா, பக்கத்துக் கம்பத்தின் உயரம் தெரிவதற்காகப் போட்ட ஆள் என்று விரலை வைத்துக் காட்டினார்.

வியாபாரிகளின் கோபம் அதிகாரி மேல் விழவில்லை, ஹெலன் மேல் விழுந்தது. தம்பியோடு சேர்ந்துகொண்டு காட்டிக் கொடுத்தவள் என்றார்கள். அவள் பெயரே கம்பெனிக்காரி என்று ஆகிவிட்டது. மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் அவள் கூடையை இறக்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை அவள் படூருக்கு அவன் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. உனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், வரைபடத்தில் இடம் இல்லாததையும், ஆனந்தன் சிரித்ததையும். அவள் சண்டை போடவில்லை.

"நாளைக்குக் காலைல எல்லாரும் பஸ் ஸ்டாப்பாண்ட கீறாங்க. வந்து இத்த அப்டியே சொல்லு. எடம்லாம் நீ வாங்கித் தர வாணாம். நான் அவங்கள ஏமாத்தலன்னு சொன்னாப் போதும்."

வருகிறேன் என்றான். வந்தான். வழியெல்லாம் பைக்கில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். பதினைந்து பேர் போல நின்றிருந்தார்கள். தனகோடி சுற்றி வளைக்கவில்லை.

"வண்டிக்கு எடம் இல்லன்னு உனக்கு அப்பவே தெரியுமா, தெரியாதா?"

அவள் பின்னால் ஒருத்தி செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஆனந்தனிடம் போய்விடும் என்று பெஞ்சமினுக்குப் பட்டது. திங்கட்கிழமை ஒரு ஏரிக்கரைப் பூங்காவை வரையத் தொடங்க வேண்டும்.

"எனக்குத் தெரியாது. குடுத்தாங்க, போட்டேன்."

எல்லார் கண்ணும் ஹெலன் பக்கம் திரும்பியது. நேற்று அவன் சொன்னதை அவள் ஒரு வார்த்தை எடுத்துவிட்டிருக்கலாம். சொல்லிவிடுவாளோ என்றுதான் அவனும் பயந்து நின்றான்.

"வுடு தனகோடி. அவனுக்கு இன்னா தெரியும், சொல்றத போடறவன். உங்களக் கையெழுத்து போட வச்சது நான்தான்."

கூடையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, நிழலே இல்லாத எதிர்ப்பக்கம் போய் இறக்கினாள். அவன் பின்னாலேயே ஓடி அக்கா என்றான். அவள் நிமிராமல் மல்லாட்டை மேல் ஈரத் துணியைப் போட்டு மூடினாள்.

"கெளம்பு. வேலைக்கு நேரமாச்சுல்ல."

அன்று ஞாயிற்றுக்கிழமை.